சிங்கப்பூருக்கு மேலே 50 கிமீ-இல் இவ்வளவு அயனியாக்கமா? என் மாதிரியில் எங்கே தப்பு?

கிளமெண்டி_முகில் | செவ்வாய், இரவு 11.48

வணக்கம். இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக ஒரு கணினி மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன். விண்வெளியிலிருந்து வரும் ஆற்றல் மிக்க மின்னூட்டத் துகள்கள் மேல் வளிமண்டலத்தில் எந்த உயரத்தில் எத்தனை அயனிகளை உண்டாக்கும் என்று கணக்கிடுவதுதான் வேலை. இரண்டு வாரமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டேன், அதனால் இங்கே கேட்கிறேன்.

செய்தது இதுதான். காற்றை 120 கிமீ-இலிருந்து தரை வரைக்கும் மெல்லிய அடுக்குகளாக வெட்டினேன். அடர்த்திக்கு எம்எஸ்ஐஎஸ் மாதிரி, சிங்கப்பூரின் ஆயங்களோடு. மேலிருந்து புரோட்டான்களைச் செங்குத்தாக விடுகிறேன். ஒவ்வொரு அடுக்கிலும் பெத்தே சூத்திரப்படி எவ்வளவு ஆற்றல் இழக்கிறது என்று பார்த்து, அதை 35 எலக்ட்ரான் வோல்ட்டால் வகுத்தால் அயனிச் சோடிகளின் எண்ணிக்கை வந்துவிடும். உள்ளே கொடுத்த நிறமாலை 2000 ஜூலை 14 சூரியப் புரோட்டான் நிகழ்வு, கோஸ் செயற்கைக்கோள் தரவு. சிங்கப்பூருக்கான காந்தப்புலக் கட்-ஆஃப், அதாவது பூமியின் காந்தப்புலத்தைத் தாண்டி உள்ளே வரத் துகளுக்கு வேண்டிய குறைந்தபட்ச அளவு, 17 என்று போட்டேன்.

விடை: 50 கிமீ-ஐ ஒட்டி உச்சம், ஒரு கன செ.மீ.க்கு வினாடிக்குச் சில ஆயிரம் சோடிகள். 57 கிமீ-க்கு மேலே போனால் வரைபடம் திடீரென்று படுத்துவிடுகிறது. கட்டுரைகளில் இந்த மாதிரி எண்களைத் துருவத்துக்குத்தான் பார்த்திருக்கிறேன். கட்-ஆஃப் போட்டும் இப்படி வருகிறதே, எங்கே கோளாறு?

வானொலி_செல்வா | புதன், காலை 6.55

தம்பி, நான் அமெச்சூர் ரேடியோக்காரன், தெம்பனிஸில் மாடியில் ஆன்டெனா கட்டி முப்பது வருஷமாக அயனமண்டலத்தை நம்பிப் பேசிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்து நம் தலைக்கு மேலே அயனிகளை உண்டாக்குவது சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும்தான். சூரியன் மறைந்ததும் கீழ் அடுக்கு கலைந்து தூரத்து நிலையங்கள் கேட்க ஆரம்பிக்கும், இது தினம் நடப்பது. இதில் துகள்களுக்கு என்ன பங்கு? இருக்கிறதா இல்லையா என்பதையே முதலில் பார்த்திருக்கலாமே.

ஊட்டிக்காரன் | புதன், காலை 7.40

செல்வா, நீங்கள் சொல்வது 70 கிமீ-க்கு மேலே அப்படியே சரி. பகலில் டி அடுக்கின் (அயனமண்டலத்தின் அடி அடுக்கு) மேல் பாதியை உண்டாக்குவது சூரியனின் லைமன் ஆல்ஃபா ஒளி, அது நைட்ரிக் ஆக்சைடை அயனியாக்குகிறது. ஆனால் 65 கிமீ-க்குக் கீழே அயனியாக்கக்கூடிய புற ஊதாவும் சாதாரண எக்ஸ் கதிரும் வந்து சேருவதில்லை, அங்கே இரவும் பகலும் வேலை செய்வது அண்டக்கதிர்கள், அதாவது சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வரும் ஆற்றல் மிக்க துகள்கள். துருவத்தில் சூரியன் வெடித்த நாட்களில் அந்த இடத்தைப் புரோட்டான்கள் பிடித்துக்கொள்ளும், அப்போதுதான் துருவப் பாதையில் பறக்கும் விமானங்களின் எச்எஃப் (உயர் அதிர்வெண்) வானொலி மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில் செத்துக் கிடக்கும். நம் ஊரில் அது நடக்காது, ஏன் நடக்காது என்பதுதான் முகிலின் கேள்விக்கும் விடை.

முகில், உன் வரைபடத்தில் எனக்கு உச்சத்தைவிட அந்த 57 கிமீ முறிவுதான் உறுத்துகிறது. இயற்கை அப்படிக் கத்தியால் வெட்டினாற்போல் முறியாது. 57 கிமீ-க்கு மேலே எவ்வளவு காற்று இருக்கிறது? ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 0.35 கிராம். அவ்வளவு காற்றைக் கடந்து நின்றுபோகும் புரோட்டானின் ஆற்றல் எவ்வளவு என்று நீயே அட்டவணையில் பார்த்துவிட்டு வா. நான் இப்போது ஈசூனிலிருந்து வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

கிளமெண்டி_முகில் | புதன், காலை 8.22

அண்ணே, ரயிலில் நின்றுகொண்டே பார்த்தேன். 17 மெகா எலக்ட்ரான் வோல்ட்.

17!

நிரலில் ஆற்றல் வரிசை முழுவதும் எம்இவி-இல் இருக்கிறது. கட்-ஆஃப் 17 என்பது ஜிகாவோல்ட். அலகு மாற்றாமல் நேரடியாக ஒப்பிட்டிருக்கிறேன். அதாவது 17 எம்இவி-க்கு மேலே உள்ள எல்லாப் புரோட்டானையும் சிங்கப்பூருக்குள் விட்டிருக்கிறேன். இரண்டு வாரம் பெத்தே சூத்திரத்தையே திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

நித்யா_பிடோக் | புதன், மதியம் 1.10

முகில், இந்தத் தவறு யாருக்கும் வரும், மனசு விட்டுவிடாதே. நான் புரோட்டான் சிகிச்சையில் மருத்துவ இயற்பியல் பக்கம் வேலை செய்கிறேன். சிங்கப்பூரில் 2023-இலிருந்து இந்தச் சிகிச்சை நடக்கிறது. உன் மாதிரியில் இருப்பதும் எங்கள் அறையில் நடப்பதும் ஒரே இயற்பியல்தான். தண்ணீர்த் தொட்டிக்குள் 150 எம்இவி புரோட்டான் கற்றையை விட்டால் சுமார் 16 செ.மீ. உள்ளே போய் நிற்கும். போகிற வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலைக் கொடுத்துக்கொண்டே போய், நிற்கப்போகும் இடத்தில் மொத்தமாகக் கொட்டும். அதுதான் பிராக் உச்சம். சின்ன அயனிக்கலத்தை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தி அந்த வளைவை எடுக்கும்போது, கடைசிச் சில மில்லிமீட்டரில் எண் ஏறுவதும் உடனே சுழியத்துக்கு விழுவதும் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

உனக்கு ஒரு உதவிக் கணக்கு. தரை வரைக்கும் உள்ள மொத்தக் காற்றும் எடையில் சுமார் 10 மீட்டர் தண்ணீருக்குச் சமம். வீவக அடுக்குமாடியில் மூன்றரை மாடி உயரத் தொட்டி என்று வைத்துக்கொள். 100 எம்இவி புரோட்டான் அந்தத் தொட்டியில் மேலே உள்ள 8 செ.மீ.க்குள் நின்றுவிடும். வளிமண்டலத்தில் அந்த இடம் 32 கிமீ உயரம். 10 எம்இவி என்றால் ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும், அதாவது 65 கிமீ. 1 எம்இவி 90 கிமீ-ஐத் தாண்டிக் கீழே வருவதே சிரமம். உயரத்தைக் கிமீ-இல் யோசிக்காதே, சதுர செ.மீ.க்கு எத்தனை கிராம் என்று யோசி. அப்போது பாதித் தவறுகள் கண்ணிலேயே தெரியும்.

கிளமெண்டி_முகில் | புதன், மாலை 5.35

அக்கா, மிக்க நன்றி. அலகைத் திருத்தி ஓட்டிவிட்டேன். இப்போது சிங்கப்பூரில் அயனியாக்கம் எல்லா உயரத்திலும் சுத்தமாகச் சுழியம். சூரியப் புரோட்டான்களில் 17 ஜிகாவோல்ட்டைத் தாண்டுவது எதுவும் என் நிறமாலையில் இல்லை.

அப்படியென்றால் என் திட்டப்பணிக்கே அர்த்தம் இல்லையா? மேற்பார்வையாளரிடம் என்ன காட்டுவது?

ஊட்டிக்காரன் | புதன், இரவு 9.15

அந்தச் சுழியம்தான் உனக்குக் கிடைத்த முதல் சரியான விடை. அதைப் பார்த்துச் சோர்ந்து போகாதே.

17 என்றால் என்ன என்று நிதானமாகச் சொல்கிறேன், கூட வாசிப்பவர்களுக்கும் உதவும். ரிஜிடிட்டி என்பது துகளின் உந்தத்தை அதன் மின்னூட்டத்தால் வகுத்தது. காந்தப்புலம் ஒரு துகளை எவ்வளவு வளைக்கும் என்பதை அது ஒன்றே தீர்மானிக்கிறது. பூமியின் காந்தப்புலக் கோடுகள் துருவத்தில் செங்குத்தாக இறங்குகின்றன, துகள் அதைப் பிடித்துக்கொண்டே கீழே வந்துவிடலாம். நம் ஊரில் கோடுகள் தரைக்கு ஏறக்குறைய இணையாகப் படுத்திருக்கின்றன, உள்ளே வர வேண்டுமென்றால் அத்தனையையும் குறுக்கே வெட்டிக்கொண்டு வர வேண்டும். ஸ்டோர்மர் என்ற நார்வேக்காரர் போட்ட கணக்குப்படி, பூமியின் நடுவில் ஒரு காந்தம் இருப்பதாக வைத்தால் காந்த நடுக்கோட்டில் செங்குத்துக் கட்-ஆஃப் 14.9 ஜிகாவோல்ட். ஆனால் அந்தக் காந்தம் நடுவில் இல்லை, சில நூறு கிமீ மேற்குப் பசிபிக் பக்கம் தள்ளி இருக்கிறது. அதனால் நம் பகுதியில் புலம் வலுவாகிறது. ஊட்டியில் 17, தாய்லாந்தின் டோய் இந்தனோன் மலை உச்சியில் உள்ள நியூட்ரான் மானியில் 16.8. எதிர்ப்பக்கம் பெருவில் ஹுவாங்காயோவில் அதே நடுக்கோட்டுப் பகுதிதான், ஆனால் 13-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. உலகத்திலேயே உயரமான வாசல்படி நம் பக்கம்தான்.

இதை முதலில் உணர்ந்தவரும் நம் கடலில் போனவர்தான். யாக்கோப் கிளே என்ற டச்சு இயற்பியலாளர் 1927-இல் ஜாவாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே கப்பலில் போகும்போது அளவுகருவியைக் கூடவே வைத்திருந்தார். நடுக்கோட்டுப் பக்கம் அண்டக்கதிர் குறைவதைக் கண்டார். அதற்கு முன்னே 1912 ஆகஸ்டில் ஹெஸ் பலூனில் 5 கிமீ-க்கு மேல் ஏறிப் போய், உயரப் போகப் போக அயனியாக்கம் கூடுகிறது என்று காட்டியிருந்தார். கதிர் மேலிருந்துதான் வருகிறது என்றார் ஹெஸ். அது காந்தப்புலத்துக்குக் கட்டுப்படும் மின்னூட்டத் துகள் என்று தெரிய கிளேயின் கப்பல் வேண்டியிருந்தது.

சூரியன் அனுப்பும் புரோட்டான்களில் பெரும்பாலானவை சில நூறு எம்இவி-யோடு முடிந்துவிடும். தரையில் உள்ள மானிகளுக்கே தெரியும் அளவுக்கு ஜிகா கணக்கில் போகும் நிகழ்வுகள் 1942-இலிருந்து எழுபதுக்குச் சற்று மேல்தான், அவற்றில் 1956 பிப்ரவரி 23 தான் மிகப் பெரியது. ஆகவே உன் ஜூலை 14 நிகழ்வுக்குச் சிங்கப்பூரில் சுழியம் வந்தே தீர வேண்டும். இனி நீ பார்க்க வேண்டியது சூரியனை விட்டுவிட்டு விண்மீன்களுக்கு இடையிலிருந்து வரும் அண்டக்கதிர்களை.

பட்டறை_ரவி | புதன், இரவு 10.02

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எண்ணியல் மாதிரிகள்தான் என் தொழில், அதனால் நேரடியாகச் சொல்கிறேன். முகில் கையால் எழுதிய நிரலை அண்டக்கதிருக்கு அப்படியே பயன்படுத்த முடியாது. 16 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் பெத்தே சூத்திரப்படி மெல்ல மெல்லத் தளர்ந்து நிற்பதில்லை. சதுர செ.மீ.க்கு 90 கிராம் காற்றைக் கடப்பதற்குள் சராசரியாக ஒரு நைட்ரஜன் அல்லது ஆக்சிஜன் கருவில் மோதி உடைகிறது. உடைந்ததிலிருந்து பயான்கள் என்ற குறைந்த ஆயுள் துகள்கள். மின்னூட்டம் இல்லாத பயான் உடனே இரண்டு காமாக் கதிராகி, அது எலக்ட்ரானும் பாசிட்ரானுமாகப் பெருகும். மின்னூட்டம் உள்ளது மியூவானாகும், அது எலக்ட்ரானின் கனமான உறவினர் மாதிரி. கூடவே நியூட்ரான்கள். இதற்கென்றே கோர்சிகா, ஜியன்ட்4 என்று நிரல்கள் இருக்கின்றன. ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் உசோஸ்கின் குழு கோர்சிகாவை ஓட்டி விளைவுச் சார்பு அட்டவணையே போட்டு வைத்திருக்கிறது: இன்ன ஆற்றலில் ஒரு துகள் வந்தால் இன்ன ஆழத்தில் இத்தனை அயனி. நிறமாலையோடு பெருக்கித் தொகையிட்டால் போதும், ஒரு மாலையில் முடிந்துவிடும். எதற்குத் திரும்பவும் சக்கரத்தைச் செதுக்க வேண்டும்?

ஊட்டிக்காரன் | புதன், இரவு 10.40

பட்டறை_ரவி எழுதியது: "ஒரு மாலையில் முடிந்துவிடும்"

அட்டவணையைப் பயன்படுத்த வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முகில் அலகுத் தவறு செய்தபோது அதைக் காட்டிக்கொடுத்தது அவன் கையால் எழுதிய அந்த 57 கிமீ முறிவுதான். அட்டவணையில் 17 எம்இவி என்று கேட்டிருந்தால் அதுவும் பேசாமல் ஓர் எண்ணைக் கொடுத்திருக்கும். நானாக இருந்தால் அட்டவணையைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் கணக்குப் போட்டு, விடை எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று தெரிந்துகொள்வேன்.

60 கிமீ-க்கே போட்டுக் காட்டுகிறேன். 16 ஜிஇவி-க்கு மேலே உள்ள முதன்மைத் துகள்கள், மேல் பாதி வானம் முழுவதும் சேர்த்து, ஒரு சதுர செ.மீ.க்கு வினாடிக்கு ஏறக்குறைய 0.06. அந்த வேகத்தில் ஒரு கிராம் காற்றைக் கடக்க ஒவ்வொன்றும் 2 எம்இவி-க்குச் சற்று மேல் இழக்கும். 60 கிமீ-இல் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் நாலாயிரத்தில் ஒரு பங்கு, ஒரு கன செ.மீ.க்கு 0.0000003 கிராம். மூன்றையும் பெருக்கி 35 எலக்ட்ரான் வோல்ட்டால் வகுத்தால் வினாடிக்கு ஆயிரத்தில் ஒரு சோடி. ஹீலியமும் கனமான கருக்களும் சேர்ந்தால் இரண்டு மூன்று மடங்கு ஆகலாம், அவ்வளவுதான். சர்க்கரைக் கட்டி அளவு காற்றில் ஒரு சோடி அயனி பிறக்க ஐந்து நிமிடமோ கால் மணி நேரமோ காத்திருக்க வேண்டும். நீ முதலில் சொன்ன சில ஆயிரத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்.

பட்டறை_ரவி | புதன், இரவு 11.05

கணக்கு சரிதான். ஆனாலும் திட்டப்பணிக்குக் காலக்கெடு என்று ஒன்று உண்டு. எல்லாவற்றையும் கையால் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் மாணவன் பட்டம் வாங்க முடியாது. என் கருத்தில் மாற்றமில்லை.

மேகத்துக்கு_மேல் | வியாழன், அதிகாலை 4.30

நான் விமானப் பணிப்பெண், இயற்பியல் பள்ளியோடு சரி. ஆனாலும் இழை முழுவதையும் படித்தேன். எங்களுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது, அதனால் ஒரு கேள்வி. நியூயார்க் பயணம் 15,000 கிமீ-க்கு மேல், 18 மணி நேரம் வரை ஆகாயத்திலேயே. சில நாள் அலாஸ்கா பக்கமாக வடக்கே போவோம். நீங்கள் சொல்லும் இந்த வாசல்படி 11 கிமீ உயரத்தில் பறக்கும் எங்களுக்கும் உண்டா? சிங்கப்பூர் மேலே பறப்பதும் அங்கே பறப்பதும் ஒன்றா?

நித்யா_பிடோக் | வியாழன், காலை 7.20

ஒன்று இல்லை, சகோதரி. நீங்கள் பறக்கும் உயரத்தில் உங்கள் மேல் படுவது விண்வெளியிலிருந்து வந்த துகள் நேரடியாக இல்லை, அது உடைந்து பிறந்த நியூட்ரான், எலக்ட்ரான், மியூவான், காமா எல்லாம் கலந்த கூட்டம். நடுக்கோட்டில் 17 ஜிகாவோல்ட்டுக்குக் கீழே உள்ளவை வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவதால் அந்தக் கூட்டம் சிறியது. வடக்கே கட்-ஆஃப் 1 ஜிகாவோல்ட்டுக்கும் கீழே போகிறது. அதே பறக்கும் உயரத்தில் கதிர்வீச்சு அளவு மணிக்கு இரண்டு மூன்று மடங்கு ஆகும். ஒரு பயணத்துக்கு இது பயப்படும் அளவு இல்லை, ஆனால் வருஷம் முழுக்கப் பறப்பவர்களுக்குக் கூட்டிக் கணக்கு வைக்க வேண்டும், பல நாடுகளில் வைக்கிறார்கள். கர்ப்பமாக இருந்தால் உங்கள் நிறுவனத்திடம் தயங்காமல் கேளுங்கள். இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கும் முகில் போடுகிற இதே கணக்குதான், அதனால்தான் எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

மேகத்துக்கு_மேல் | வியாழன், காலை 7.31

நன்றி அக்கா. இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் சொன்னதில்லை. 2008 அக்டோபரில் இங்கிருந்து பெர்த் போன விமானம் நடுவானில் தலைகுப்புறச் சாய்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்களே, அதற்கும் இந்தக் கதிர்தான் காரணம் என்று எங்கள் பயிற்சியில் ஒருவர் சொன்னார். உண்மையா?

பட்டறை_ரவி | வியாழன், காலை 8.48

அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு கருவி விமானக் கணினிக்குத் தப்பான எண்களை அனுப்பியது உண்மை. அதைத் தூண்டியது என்ன என்று தேடியபோது அண்டக்கதிர் நியூட்ரான் ஒன்று மின்னணுச் சில்லில் மோதியிருக்கலாம் என்பதையும் ஆஸ்திரேலியப் புலனாய்வாளர்கள் பரிசீலித்தார்கள். 2011-இல் வந்த இறுதி அறிக்கையில் அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே எழுதினார்கள். இந்த மாதிரி இடத்தில் "இருக்கலாம்" என்பதைத் தூக்கிவிட்டு "தான்" போட்டுவிடக் கூடாது.

வானொலி_செல்வா | வியாழன், மதியம் 12.15

நான் முதலில் கேட்ட தொனிக்கு வருந்துகிறேன், இதில் இவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. இன்னொன்று: அயனி உண்டானால் அப்புறம் என்ன? வானொலி கெடுவதைத் தவிர வேறு என்ன செய்யும்?

ஊட்டிக்காரன் | வியாழன், மதியம் 12.50

வேதியியல் செய்யும், செல்வா. ஒரு சோடி அயனி பிறக்கும்போது அதன் கூடவே நைட்ரஜன் மூலக்கூறுகள் உடைந்து, சோடிக்குச் சராசரியாக 1.25 நைட்ரஜன் அணு கிடைக்கிறது. அவை நைட்ரஜன் ஆக்சைடுகளாகி ஓசோனைத் தின்னும். 1972 ஆகஸ்டில் வந்த பெரிய புரோட்டான் நிகழ்வை வைத்து, பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய கிருட்சனும் கூட இருந்தவர்களும் 1975-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். துருவக் குளிர்கால இருட்டில் அந்த ஆக்சைடுகள் வெளிச்சம் படாமல் அழியாமல் மெல்லக் கீழே இறங்கும், ஓசோன் அடுக்குக்கே வந்து சேரும். அதனால்தான் இப்போது காலநிலை மாதிரிகளுக்கு உள்ளீடாகச் சூரிய ஒளியோடு துகள் அயனியாக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அந்த உள்ளீட்டில் கட்-ஆஃபைத் தப்பாகப் போட்டால் ஓசோன் அழிவை இல்லாத இடத்தில் எழுதிவிடுவாய். முகில் செய்த அலகுத் தவறைச் சின்னத் தவறு என்று நான் நினைக்காததற்குக் காரணம் இதுதான்.

கிளமெண்டி_முகில் | சனி, இரவு 10.20

இரண்டு நாள் எழுத முடியவில்லை, வேலையில் மூழ்கிவிட்டேன். ரவி அண்ணன் சொன்னபடி அட்டவணையை எடுத்தேன், ஊட்டி அண்ணன் சொன்னபடி ஒவ்வொரு படியிலும் தாளில் ஒரு மதிப்பீடு போட்டேன். இரண்டும் சேர்ந்ததால் இன்னொரு தவறும் அகப்பட்டது.

கட்-ஆஃப் 17 ஜிகாவோல்ட் என்றால் புரோட்டானுக்கு இயக்க ஆற்றல் 16.1 ஜிஇவி. நான் அதே 16.1-ஐ ஹீலியத்துக்கும் ஒரு நியூக்ளியானுக்கு (கருவில் உள்ள ஒரு புரோட்டான் அல்லது நியூட்ரானுக்கு) என்று போட்டுவிட்டேன். ஆனால் ஹீலியத்தில் மின்னூட்டம் இரண்டு, நியூக்ளியான் நான்கு. ஒரு நியூக்ளியானுக்கு உந்தம் 8.5 தான் வரும், ஆற்றல் 7.6 ஜிஇவி போதும் உள்ளே வர. வாசல்படி ஹீலியத்துக்குப் பாதி உயரம்! பாதிக்கும் மேற்பட்ட ஹீலியத்தை நானே வெளியே நிறுத்தியிருக்கிறேன். இதைத் திருத்தியதும் மொத்த அயனியாக்கம் கண்ணுக்குத் தெரியும் அளவு ஏறியது.

இப்போது உச்சம் 15 கிமீ-ஐ ஒட்டி வருகிறது. கடல் மட்டத்தில் ஒரு கன செ.மீ.க்கு வினாடிக்கு 1.6 சோடி.

ஒரு சந்தேகம் பாக்கி. எல்லா உயரத்திலும் அயனியாக்கத்தைக் கூட்டி 35-ஆல் பெருக்கி, உள்ளே விட்ட மொத்த ஆற்றலோடு ஒப்பிட்டேன். கால் பங்குக்கு மேல் காணவில்லை. எங்கே கசிகிறது?

ஊட்டிக்காரன் | ஞாயிறு, காலை 6.45

முகில், யாரும் சொல்லாமல் நீயாகவே ஆற்றல் கணக்கைச் சரிபார்த்தாயே, இந்த இழையிலேயே எனக்கு அதிகம் பிடித்தது அதுதான். இந்தத் துறையில் நான் ஒரு மாதிரியைப் பார்க்கும்போது முதலில் கேட்பதும் அதைத்தான்: எவ்வளவு ஆற்றல் உள்ளே போனது, அது எங்கெங்கே போய்ச் சேர்ந்தது. இதற்கு விடை சொல்ல முடியாத மாதிரியின் வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் நம்ப மாட்டேன்.

உன் கணக்கில் கசிவு இல்லை. காணாமல் போனதில் பெரும்பகுதி மியூவானும் நியூட்ரினோவும் எடுத்துக்கொண்டு போனது. மியூவான் மொத்தக் காற்றையும் கடக்க 2 ஜிஇவி-தான் செலவழிக்கும், தரைக்கு வந்து சேரும்போது சராசரியாக இன்னும் 4 ஜிஇவி கையில் வைத்திருக்கும். அதை மண்ணுக்குள் கொண்டுபோய்விடும். நியூட்ரினோ யாருக்கும் ஒன்றும் கொடுக்காது. கொஞ்சம் ஆற்றல் கருக்களை உடைப்பதிலேயே போய்விடும். உள்ளங்கையை விரித்து வைத்தால் ஒரு சதுர செ.மீ. வழியாக நிமிடத்துக்கு ஒரு மியூவான் போகிறது, அந்த ஒவ்வொன்றும் உன் காணாமல் போன கால் பங்கின் ஒரு துண்டு.

நான் பள்ளியில் படிக்கும்போது எங்கள் ஊரில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டினார்கள், இந்தப் பைத்தியம் அங்கேதான் ஆரம்பித்தது. இப்போது அங்கே கிரேப்ஸ்-3 இருக்கிறது. 560 சதுர மீட்டர் மியூவான் தொலைநோக்கி, ஆறு மீட்டர் நீளக் குழாய்கள் 3,712, கான்கிரீட்டுக்கு அடியில் அடுக்கடுக்காக. 2015 ஜூன் 22 அன்று பெரிய காந்தப்புயலின்போது இரண்டு மணி நேரம் மியூவான் எண்ணிக்கை கூடியதை அவர்கள் பதிவு செய்தார்கள். புயல் காந்தப்புலத்தை அமுக்கியதால் அங்கே கட்-ஆஃப் கொஞ்ச நேரம் இறங்கியது என்பது அவர்களின் விளக்கம். வாசல்படியே அசையும், முகில். நிலையான 17 என்பது அமைதியான நாளுக்கு மட்டும்.

பட்டறை_ரவி | ஞாயிறு, காலை 9.30

முகில், நல்ல வேலை. ஹீலியத் தவறை நான் அட்டவணை மட்டும் பார்த்திருந்தால் பிடித்திருக்க மாட்டேன், ஒப்புக்கொள்கிறேன். கடல் மட்டத்து 1.6 நம்பும்படியாக இருக்கிறது, கடலுக்கு மேலே அளந்தவை 2-ஐ ஒட்டியே இருக்கின்றன.

கட்-ஆஃபை அட்டவணையிலிருந்து எடுக்காமல் நீயே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஐஜிஆர்எஃப் காந்தப்புல மாதிரியை எடு, சிங்கப்பூருக்கு மேலே 20 கிமீ-இலிருந்து ஓர் எதிர்ப்புரோட்டானை (புரோட்டானின் அதே நிறை, எதிர் மின்னூட்டம்) வெளியே செலுத்து. அது தப்பித்து விண்வெளிக்குப் போய்விட்டால், அதே பாதையில் ஒரு புரோட்டான் உள்ளே வர முடியும் என்று அர்த்தம். வளைந்து பூமிக்கே திரும்பி வந்தால் வழி அடைப்பு. ரிஜிடிட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் நடுவில் திறந்தும் மூடியும் ஒரு குழப்பப் பகுதி வரும், அதற்கு மேலே முழுவதும் திறந்துவிடும்.

ஊட்டிக்காரன் | ஞாயிறு, காலை 9.52

ரவி சொல்வதைச் செய். செய்யும்போது செங்குத்தை மட்டும் பார்க்காதே. நேர் மின்னூட்டத் துகளுக்கு மேற்கிலிருந்து வருவது சுலபம், கிழக்கிலிருந்து வருவது கடினம். 1933-இல் மெக்சிகோ நகரத்தில் ஜான்சனும், தனியாக அல்வாரெசும் காம்ப்டனும் இதை அளந்துதான் அண்டக்கதிரில் பெரும்பாலானவை நேர் மின்னூட்டம் கொண்டவை என்று சொன்னார்கள். சிங்கப்பூரில் இந்த வேறுபாடு பெரிதாக இருக்கும். மேற்குப் பக்கம் 45 டிகிரியில் ஒரு கட்-ஆஃப், கிழக்குப் பக்கம் 45 டிகிரியில் ஒரு கட்-ஆஃப் எடு. உன் 15 கிமீ உச்சம் எவ்வளவு மாறுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

கிளமெண்டி_முகில் | ஞாயிறு, பிற்பகல் 3.05

ஆரம்பித்துவிட்டேன் அண்ணே. 24 திசைகள், ஒவ்வொன்றுக்கும் 5-இலிருந்து 60 ஜிகாவோல்ட் வரை, 0.01 இடைவெளியில். செங்குத்துத் திசை மட்டும் முடிந்திருக்கிறது, தாய்லாந்து எண்ணுக்குப் பக்கத்தில்தான் வருகிறது. மேற்கு 45 இப்போது ஓடுகிறது. வெளியே இடி மழை, மின்சாரம் போகாமல் இருக்க வேண்டும். மடிக்கணினி மீதி 38 மணி நேரம் என்று காட்டுகிறது. செவ்வாய்க்கிழமை காலையில் வரைபடத்தைப் போடுகிறேன்.